பாலம் தாண்டினால் குற்றவாளி!

2013 அக்டோபர். விடிய இன்னும் நேரம் இருக்கிறது. நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு காரைப் போலீஸ் ஓரங்கட்டுகிறது. லேன் மாறிய விதம் சரியில்லை என்பதுதான் புகார். ஓட்டி வந்தவர் பிலடெல்பியாவில் வசிக்கும் இளம் தாய். இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்ப்பவர். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேலை. இரண்டு முறை வழிப்பறிக்கு ஆளான பிறகு, தன் மாநிலமான பென்சில்வேனியாவில் முறைப்படி விண்ணப்பித்து உரிமம் பெற்று, ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். அன்று அது கைப்பையில் இருந்தது. போலீஸ்காரர் ஜன்னல் அருகே வந்ததும் அவரே முந்திக்கொண்டு சொன்னார்: என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ அதற்கான பெர்மிட்.

சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஒரு டிராஃபிக் சலானோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். சொன்னதால் கைதானார். ஏறக்குறைய ஒன்றரை மாதம் சிறை. வேலை போயிற்று. நியூ ஜெர்சியின் சட்டப்படி அவர் மீதான குற்றத்துக்கு, பரோல் இல்லாமல் குறைந்தது மூன்றரை ஆண்டு தண்டனை. நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க வழியில்லாத தண்டனை அது.

பிலடெல்பியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே ஓடுவது டெலாவேர் ஆறு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தின் மேல் காரில் போனால் சில நிமிடங்களில் அக்கரை. தினமும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போய் வருபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தப் பாலத்தின் ஒரு முனையில் அந்தத் தாய் சட்டத்தை மதித்து நடக்கும் குடிமகள். மறுமுனையில், அதே கைப்பையோடு, கடுங்குற்றவாளி.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் இப்படிச் சிக்குகிறவர்கள் திருடர்களோ கூலிப்படையோ அல்ல. உரிமம் வாங்கியவர்கள், அட்டையைப் பர்ஸில் பத்திரமாக வைத்திருப்பவர்கள், கேட்பதற்கு முன்பே உண்மையைச் சொல்பவர்கள். 2011 டிசம்பரில் டென்னசியிலிருந்து நியூ யார்க் வந்த மருத்துவ மாணவி ஒருவர், இரட்டைக் கோபுர நினைவிடத்தில் ‘துப்பாக்கிக்கு அனுமதியில்லை’ என்ற பலகையைப் பார்த்தார். என் துப்பாக்கியை எங்கே ஒப்படைக்கலாம் என்று காவலர்களிடமே போய்க் கேட்டார். அவரையும் கைது செய்தார்கள். அங்கும் குறைந்தபட்ச தண்டனை மூன்றரை ஆண்டு. சில மாதங்கள் கழித்து, சிறு குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வைத்து 200 டாலர் அபராதத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

செல்லுமா, செல்லாதா?

ஆடைக்குள்ளோ கைப்பையிலோ துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு பொது இடத்தில் நடமாட மாநில அரசு தரும் அனுமதியைத்தான் அங்கே ‘கன்சீல்டு கேரி பெர்மிட்’ என்கிறார்கள். நாடு முழுவதும் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் இது இருப்பதாகக் கணக்கு. ஒரு மாநிலம் தந்த பெர்மிட் இன்னொரு மாநிலத்தில் செல்லுமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம்: தானாகச் செல்லாது. போகிற மாநிலம் ஏற்றுக்கொண்டால் மட்டுமே செல்லும். ஏற்பதும் மறுப்பதும் அந்த மாநிலத்தின் விருப்பம். இன்று ஏற்றதை நாளை மாற்றவும் அதற்கு உரிமை உண்டு.

டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்கிறதே, திருமணச் சான்றிதழ் செல்கிறதே, இது ஏன் செல்லாது என்பது அமெரிக்கர்களே கேட்கும் கேள்வி. டிரைவிங் லைசென்ஸ் செல்வது அரசியல் சாசனம் கட்டளையிட்டதால் அல்ல. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தில், அடுத்த மாநிலத்து லைசென்ஸை ஏற்கிறேன் என்று எழுதி வைத்திருப்பதால் செல்கிறது. சாலை விதிகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் யாரும் அதை மறுக்கவில்லை. ஆனால் டெக்ஸாஸில் பதிவு செய்த வக்கீல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் அந்தப் பதிவை மட்டும் காட்டி வாதாட முடியாது. துப்பாக்கி பெர்மிட் இந்த இரண்டாவது வகை. பொதுப் பாதுகாப்பு மாநிலங்களின் கையில் இருக்கும் அதிகாரம். ஒன்றிய அரசு இதுவரை அதில் பொதுவான அளவுகோல் எதையும் வைக்கவில்லை.

அளவுகோல் இல்லாததால் மாநிலத்துக்கு மாநிலம் தூரம் மிக அதிகம். பென்சில்வேனியாவில் 20 டாலர் கட்டணம், பின்னணி விசாரணை, 45 நாட்களுக்குள் ஷெரிஃப் அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும். பயிற்சி எதுவும் கட்டாயமில்லை. நியூ யார்க்கில் 16 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் 2 மணி நேரம் தோட்டா போட்டுச் சுடும் பயிற்சி. வெர்மான்ட் மாநிலம் பெர்மிட் கொடுப்பதே இல்லை. அங்கே அது என்றைக்குமே தேவைப்பட்டதில்லை. அதன் வழியில் அலாஸ்கா 2003-லும், அரிசோனா 2010-லும், டெக்ஸாஸ் 2021-லும், ஃபுளோரிடா 2023-லும் பெர்மிட் இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் செய்தன. 2024-ல் தென் கரோலினாவும் லூயிசியானாவும் சேர்ந்தபோது இந்த வரிசை 29 மாநிலங்களாக நீண்டது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. வெர்மான்ட்காரர் தன் ஊரில் எந்த அட்டையும் இல்லாமல் துப்பாக்கியோடு நடக்கலாம். ஆனால் பெர்மிட் கேட்கிற மாநிலத்துக்குப் போனால் காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமே இருக்காது. அதனால் வெளி மாநிலத்தவருக்கும் பெர்மிட் தரும் யூட்டா போன்ற மாநிலங்களில் விண்ணப்பித்து அட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளூரில் தேவையே இல்லாத ஃபுளோரிடா, டெக்ஸாஸ்காரர்கள் இன்னமும் பெர்மிட் எடுத்து வைத்துக்கொள்வதற்கும் வெளியூர்ப் பயணம் ஒரு முக்கியக் காரணம்.

நெடுஞ்சாலை 95

இந்தக் குழப்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஐ-95 நெடுஞ்சாலையில் ஒரு முறை வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். மயாமியில் தொடங்கி மெய்ன் மாநிலத்தில் கனடா எல்லை வரை, 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை. 15 மாநிலங்களைத் தொட்டுச் செல்கிறது. ஓட்டுபவர் ஃபுளோரிடாவில் குடியிருப்பவர், ஃபுளோரிடா பெர்மிட் வைத்திருப்பவர், துப்பாக்கி இடுப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஜார்ஜியாவில் சிக்கல் இல்லை. தென் கரோலினாவிலும் இல்லை. வட கரோலினா வெளி மாநில பெர்மிட்டை ஏற்கிறது. ஆனால் போலீஸ் நிறுத்தினால், அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் நம்மிடம் துப்பாக்கி இருப்பதை நாமே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் குற்றம். வர்ஜீனியாவும் ஏற்கிறது, அங்கே கேட்டால் காட்டினால் போதும்.

வர்ஜீனியாவின் கடைசி ஊரான அலெக்சாண்ட்ரியாவில் வண்டியை நிறுத்தியாக வேண்டும். முன்னால் இருப்பது போட்டோமாக் ஆற்றின் மேல் உட்ரோ வில்சன் பாலம். பாலத்தின் நடுவே கண் மூடித் திறப்பதற்குள் வாஷிங்டன் தலைநகர எல்லை ஒன்று வந்து போகும், அக்கரை மேரிலாண்ட். மேரிலாண்ட் எந்த வெளி மாநில பெர்மிட்டையும் ஏற்பதில்லை. ஆகவே பாலத்துக்கு முன்பே ஓரம் கட்டி, இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து, தோட்டாக்களை இறக்கி, பெட்டியில் பூட்டி, டிக்கியில் வைக்க வேண்டும். மேரிலாண்டைக் கடந்தால் டெலாவேர். அது ஃபுளோரிடா பெர்மிட்டை ஏற்கும் மாநிலம். துப்பாக்கி மறுபடி இடுப்புக்கு வரலாம். ஆனால் டெலாவேரில் ஐ-95 ஓடுவது 40 கிலோமீட்டர்கூட இல்லை. பிறகு பென்சில்வேனியா. ஃபுளோரிடா பெர்மிட் அங்கேயும் செல்லும். ஆனால் ஃபுளோரிடாவில் குடியிருப்பவரிடம் இருந்தால் மட்டுமே. அதற்கப்புறம் நியூ ஜெர்சி, நியூ யார்க், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ். வரிசையாக ஐந்து மாநிலங்கள். ஐந்திலும் அந்த அட்டைக்கு மதிப்பில்லை. மாசசூசெட்ஸைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயரில் கால் வைத்ததும் பெர்மிட்டே தேவையில்லை. மெய்னிலும் அப்படியே.

இதோடு முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பெர்மிட்டை ஏற்கும் மாநிலத்தில்கூட எந்தெந்த இடத்துக்குள் போகக் கூடாது என்ற பட்டியல் வேறு. மது விற்கும் உணவகம் ஒரு மாநிலத்தில் தடை, அடுத்ததில் அனுமதி. கடை வாசலில் ‘துப்பாக்கிக்கு அனுமதியில்லை’ என்று பலகை வைத்தால் சில மாநிலங்களில் அதை மீறுவதே குற்றம்; வேறு சிலவற்றில், வெளியே போகச் சொல்லியும் போகாவிட்டால்தான் குற்றம். நியூ யார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினையே தடை செய்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் கடையில் துப்பாக்கியோடு சேர்த்துத் தரும் மேகசின், நியூ ஜெர்சியில் தனிக் குற்றம்.

பள்ளிக்கூடம் தொடர்பான ஒன்றிய அரசின் சட்டம் பலருக்கும் தெரியாத கண்ணி. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு வரக் கூடாது என்பது விதி. பெர்மிட் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு, பள்ளி இருக்கிற மாநிலமே தந்த பெர்மிட்டுக்குத்தான். வெளி மாநில பெர்மிட்டை அந்த மாநிலம் ஏற்றிருந்தாலும் ஒன்றியச் சட்டத்தின் எழுத்தில் விலக்கு இல்லை. ஓர் ஊரின் நடுவே பள்ளிக்கூடம் எதையும் தொடாமல் 1,000 அடி தள்ளியே வண்டி ஓட்டுவது எப்படி என்று சட்டம் சொல்லவில்லை.

ஓர் அறிவிப்பு, 25 மாநிலங்கள்

மாநிலங்கள் ஒன்றின் பெர்மிட்டை மற்றொன்று ஏற்கும் ஏற்பாட்டை ‘ரெசிப்ராசிட்டி’ என்கிறார்கள். சில மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு ஏற்கின்றன. சில, எவரோடும் ஒப்பந்தம் இல்லாமல் எல்லோருடையதையும் ஏற்கின்றன. மிச்சிகன் போன்றவை, பெர்மிட் தந்த மாநிலத்திலேயே குடியிருப்பவராக இருந்தால்தான் ஏற்கும். பட்டியல் எப்போது மாறும் என்பது யாருக்கும் தெரியாது.

2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 25 மாநிலங்களின் பெர்மிட்டை வர்ஜீனியா இனி ஏற்காது. அங்கெல்லாம் பெர்மிட் தரும் விதிகள் தளர்வாக இருக்கின்றன என்று காரணம் சொன்னார். அறிவிப்பு நடைமுறைக்கு வர இருந்தது 2016 பிப்ரவரி 1. அதற்குள் ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் குடியரசுக் கட்சியினரோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத்தின் நிரந்தரத் தடை உத்தரவுக்கு உள்ளானவர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்க அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பதிலுக்கு எல்லா மாநில பெர்மிட்டும் செல்லும் என்றானது. ஒரு குளிர்காலத்துக்குள் 25 மாநிலத்தவருக்குச் சொல்லப்பட்ட பதில் இரண்டு முறை மாறியது. இந்தச் செய்தியை எல்லாம் படித்துவிட்டா ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை எடுக்கிறார்?

பென்சில்வேனியாவில் 2013-ல் நடந்தது வேறு விதம். உள்ளூரில் பெர்மிட் மறுக்கப்பட்டவர்கள், தபாலில் ஃபுளோரிடா பெர்மிட் வாங்கி வந்து சொந்த ஊரிலேயே துப்பாக்கியோடு திரிந்தார்கள். பிலடெல்பியா போலீஸ் பல காலமாகக் குறைப்பட்டுக்கொண்ட ஓட்டை இது. அட்டர்னி ஜெனரல் கேத்லீன் கேன் அதை அடைத்தார்: ஃபுளோரிடா பெர்மிட் ஃபுளோரிடாவாசிகளுக்கு மட்டுமே. என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி. ஓர் ஊரின் போலீஸ் தகுதியில்லை என்று சொன்னவருக்கு 1,500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலுவலகம் ஒன்று தகுதி கொடுப்பதை எந்த ஊரும் ஏற்கத் தேவையில்லை.

பாதுகாப்பான வழி

பயணிகளுக்கென்று ஒன்றிய அரசு செய்த ஒரே பொதுவான ஏற்பாடு 1986-ல் வந்தது. துப்பாக்கி உரிமையாளர்கள் பாதுகாப்புச் சட்டம். கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்து எடுத்துச் செல்வது சட்டப்படி சரியாக இருந்தால், இடையில் இருக்கும் எந்த மாநிலத்தின் வழியாகவும் அதைக் கொண்டுபோகலாம். தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. கிளவ் பாக்ஸைப் பூட்டினால் போதாது.

படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஃபுளோரிடாவிலிருந்து மெய்னுக்குப் போகிறவருக்கு இது கைகொடுக்கும். ஃபுளோரிடாவிலிருந்து நியூ யார்க் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறவருக்குக் கைகொடுக்காது. போய்ச் சேரும் இடத்தில் அவருக்கு உரிமம் இல்லை. வழியில் இரவு தங்கினால்? அதற்குப் பதில் தெரிந்துகொள்ள 2005-ல் நியூவர்க் விமான நிலையத்தில் யூட்டாக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

அவர் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் பயணம் செய்தார். விதிப்படி துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும், தோட்டாக்களைத் தனியாகவும் வைத்து, விமான நிறுவனத்திடம் சொல்லி, லக்கேஜில் போட்டிருந்தார். நியூவர்க்கில் இணைப்பு விமானம் தவறியது. பஸ் ஏற்பாடு செய்தார்கள். பஸ்ஸில் அவருடைய பெட்டி இல்லை. இறங்கித் தேடப் போனார், பஸ் கிளம்பிவிட்டது. இனி காலையில்தான் வண்டி என்றதும் பெட்டியை வாங்கிக்கொண்டு விமான நிலைய ஓட்டலில் தங்கினார். மறுநாள் கவுன்டரில், பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று வழக்கம்போல் அவரே சொன்னார். கைது செய்து சிறையில் அடைத்தார்கள். பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். அவர் நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஓட்டலில் இருந்த இரவில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தது. ஆகவே 1986 சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை. பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே போலீஸிடமோ விமான நிலைய ஊழியர்களிடமோ உதவி கேட்டிருக்கலாம் என்றது நீதிமன்றம். அவர் மேல் அனுதாபமும் தெரிவித்தது.

அனுதாபத்தை வைத்துக்கொண்டு சிறையில் கழிந்த நாட்களை என்ன செய்வது? விமானம் தவறியது அவர் குற்றமில்லை. பஸ்ஸில் பெட்டி ஏறாததும் அவர் குற்றமில்லை. சட்டத்தின் வாசகம் வாகனத்தை மட்டும் நினைத்து எழுதப்பட்டிருக்கிறது. பயணம் என்பதில் இரவுச் சாப்பாடும் தூக்கமும் உண்டு என்பதை அது நினைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் இந்த ஒரு பத்தியைத் திருத்த எந்த நாடாளுமன்றத்துக்கும் நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூ யார்க்கின் பெர்மிட் விதி பற்றிய வழக்கில் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். தனிப்பட்ட ஆபத்து இருப்பதை நிரூபித்தால்தான் பெர்மிட் என்று நூறாண்டுக்கும் மேலாக நியூ யார்க் வைத்திருந்த நிபந்தனை செல்லாது; வீட்டுக்கு வெளியிலும் துப்பாக்கி ஏந்துவது குடிமக்களின் உரிமை என்றது தீர்ப்பு. நியூ யார்க்கோடு சேர்த்து ஆறு மாநிலங்களில் இதே போன்ற நிபந்தனை இருந்தது.

இனி எந்த மாநில பெர்மிட்டும் எங்கும் செல்லும் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். தீர்ப்பில் அப்படி ஒரு வரிகூட இல்லை. நியாயமான நிபந்தனைகளோடு பெர்மிட் முறை நடத்தலாம் என்று நீதிபதி பிரெட் கேவனா தனியாக எழுதியே வைத்தார். 2025 மார்ச்சில் மாசசூசெட்ஸின் உச்ச நீதிமன்றம் நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் இருவரின் வழக்குகளில் தீர்ப்புச் சொன்னபோது இது இன்னும் தெளிவானது. அதிகாரியின் விருப்பப்படி வெளி மாநிலத்தவருக்கு மறுக்கலாம் என்றிருந்த பழைய விதி செல்லாது. ஆனால் தகுதியுள்ள எவருக்கும் தந்தே ஆக வேண்டும் என்ற புதிய விதிப்படி, முதலில் விண்ணப்பித்து மாசசூசெட்ஸ் உரிமம் வாங்கிவிட்டுத்தான் துப்பாக்கியோடு உள்ளே வர வேண்டும். கதவு திறந்திருக்கிறது, தட்டிவிட்டு வா என்பதே இப்போதைய நிலை. நியூ யார்க் நகரமும் 2024 முதல் வெளி மாநிலத்தவரின் விண்ணப்பங்களை வாங்குகிறது.

நாடு முழுவதற்கும் ஒரே பெர்மிட்?

போலீஸ்காரர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. 2004-ல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின்படி பணியில் இருப்பவர்களும் தகுதியுள்ள ஓய்வு பெற்றவர்களும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். அதையே குடிமக்களுக்கும் கொடு என்பது துப்பாக்கி அமைப்புகளின் பல ஆண்டுக் கோரிக்கை. செனட்டில் 2009-ல் 58 பேர் ஆதரித்தார்கள், 2013-ல் 57 பேர், தேவைப்பட்டது 60. 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை 231-க்கு 198 என்று நிறைவேற்றியது. செனட்டில் கிடப்பில் போனது. வட கரோலினாவின் ரிச்சர்ட் ஹட்சன் கொண்டுவந்த மசோதா 2025 மார்ச்சில் சபையின் நீதித்துறைக் குழுவைத் தாண்டியது. அதிபர் டிரம்ப் ஆதரவாக இருக்கிறார். செனட்டில் அந்த 60 என்ற சுவர் அப்படியே நிற்கிறது.

மசோதாவின் நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. பிலடெல்பியாத் தாய்க்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது. ஆனால் மசோதா எழுதப்பட்ட விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பெர்மிட்டே கேட்காத மாநிலத்தில் குடியிருப்பவர், ஓர் அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு நியூ யார்க்கின் தெருவில் துப்பாக்கியோடு நடக்கலாம் என்கிறது அது. 18 மணி நேரம் பயிற்சி எடுத்த நியூ யார்க்காரர் பக்கத்தில், ஒரு மணி நேரம்கூடப் பயிற்சி இல்லாதவர் அதே உரிமையோடு நிற்பார். நாட்டிலேயே தளர்வான சட்டம் எதுவோ அதுவே நாடு முழுவதற்கும் சட்டமாகிவிடும். உலகக் காவல்துறைத் தலைவர்கள் சங்கம் இத்தகைய மசோதாவை எதிர்த்தது சும்மா இல்லை. 50 மாநிலங்களில் எவர் கையில் இருக்கும் எந்த அட்டை உண்மையானது என்று நடுரோட்டில் இரவு நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும் என்று ஜான் லாட் 1998-ல் புத்தகம் எழுதினார். ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூ குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: துப்பாக்கி எடுத்துச் செல்வதைத் தளர்த்திய மாநிலங்களில் பத்து ஆண்டுகளில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2023-ல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. இந்த எண்களைப் பார்த்துவிட்டுத் தன் எல்லைக்குள் கடுமையாக இருக்கும் மாநிலத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கடுமை யார் மேல் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பிலடெல்பியாத் தாய்க்கு, தண்டனையைத் தவிர்த்து நன்னடத்தைத் திட்டத்தில் சேர்க்கும் வாய்ப்பை முதலில் மறுத்த அதே மாவட்டத்து அரசுத் தரப்பு, 2014-ல் லிஃப்டுக்குள் தன் வருங்கால மனைவியை அடித்து மயங்கி விழச் செய்த அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸுக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது. ஊரே கொதித்தது. பிறகுதான் அந்தத் தாய்க்கும் வாய்ப்பு வந்தது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முழு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பத்திரிகையில் பெயர் வந்தவர்களுக்குக் கிடைக்கிறது.

செய்ய வேண்டியவை என் கணக்கில் இரண்டு. தன் ஊரில் சட்டப்படி பெர்மிட் வைத்திருந்து, வேறு குற்றம் எதுவும் செய்யாமல் எல்லை தாண்டியவருக்குக் குறைந்தபட்சச் சிறைத் தண்டனை பொருந்தாது என்று கடுமையான மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும்; அபராதம் போதும், துப்பாக்கியைப் பறிமுதல் செய்தாலும் சரி. 1986 சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தி, வழியில் தங்கும் இரவையும் தவறிய விமானத்தையும் பயணத்தின் பகுதியாகச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் செனட்டில் பெரிய சண்டை தேவைப்படாது. எந்த மாநிலத்தின் பாதுகாப்பும் இதனால் குறையாது.

நம்மவர்களுக்கு

டல்லாஸிலும் அட்லாண்டாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் காரில் போவது சாதாரணம். துப்பாக்கி விஷயத்தில் அவர்களுக்கு இருக்கும் ஆபத்து அமெரிக்கக் குடிமக்களுக்கு இருப்பதைவிடப் பெரிது.

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஒன்றியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற ஒரு சில விலக்குகள்தான் உண்டு. அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. வார இறுதியில் நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைப் பிடித்துப் படம் எடுப்பதும் இதில் அடங்கும். டெக்ஸாஸில் பெர்மிட் தேவையில்லை என்று நண்பர் சொல்வது உண்மைதான். அந்தச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்கவே தகுதியில்லாதவருக்குப் பொருந்தாது.

கிரீன் கார்டு உள்ளவர்கள் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு முறை தண்டனை பெற்றாலும், எத்தனை ஆண்டு அந்த நாட்டில் வாழ்ந்திருந்தாலும், நாடு கடத்தப்படும் நிலை வரும். டென்னசி மாணவி 200 டாலரோடு தப்பினார். அதே போன்ற உடன்பாட்டில் கையெழுத்துப் போடும் கிரீன் கார்டுக்காரருக்கு அது குடியேற்றத் துறையின் நோட்டீஸில் போய் முடியலாம். வக்கீலிடம் முதல் நாளே, நான் குடிமகன் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

குடியுரிமை பெற்று, பெர்மிட்டும் வைத்திருக்கிறீர்களா? வண்டியை எடுப்பதற்கு முன் வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்தின் போலீஸ் அல்லது அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். நண்பர் சொன்னதையும் போன வருடம் பார்த்ததையும் நம்பாதீர்கள். விமானத்தில் போகிறீர்கள் என்றால் நியூவர்க், ஜே.எஃப்.கே., லகார்டியா விமான நிலையங்களைத் தவிர்த்து வேறு வழி பாருங்கள். போகும் இடம் நியூ ஜெர்சி, நியூ யார்க், மேரிலாண்ட் என்றால், அந்த மாநிலத்தின் உரிமம் கையில் இல்லாதவரை, துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.